ஊசியில் நிற்கும் ஸ்வெட்டருக்கு என்ன கோளாறு?

நீலகிரியில் எங்கள் பந்தலூர், தேவாலா, சேரம்பாடிப் பக்கம் ஜூன் மாதம் மழை பிடித்தால் லேசில் விடாது. தமிழ்நாட்டில் மழை அதிகம் கொட்டும் இடங்களில் தேவாலாவும் ஒன்று. போதாததற்கு, பொழுது சாய்ந்தால் ஆனை இறங்கும் என்று சீக்கிரமே கதவைச் சாத்திவிடுகிறோம். குளிரும் மழையும் சாத்திய கதவும் சேர்ந்தால் ஊசியும் உல்லன் நூலும் தானாகக் கைக்கு வந்துவிடும். அப்படித் தொடங்கிய ஸ்வெட்டர்கள் எத்தனையோ, ஒரு கை மட்டும் முளைத்த நிலையில், துணிப்பைக்குள் ஊசியோடு கிடக்கின்றன.

சோம்பேறித்தனம் என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அக்கம்பக்கத்தில் இருந்து வரும் பைகளைத் திறந்து பார்த்தால், வேலை நின்ற இடத்துக்கு நாலைந்து வரிசை கீழே பெரும்பாலும் ஒரு கோளாறு இருக்கும். பின்னியவருக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்கும். எது என்று தெரிந்திருக்காது. முழுக்கப் பிரிக்கவும் மனம் வராது, மேலே தொடரவும் மனம் வராது. பை அலமாரிக்குப் போய்விடும்.

அதனால் கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தை வைத்துக் காரணத்தைப் பிடிக்கிற வழியை எழுதுகிறேன். நிட், பர்ல் இரண்டும் போடத் தெரிந்திருந்தால் போதும். கையில் ஒரு குரோஷா ஊசி, நாலைந்து ஊக்கு, இஞ்ச் டேப், வேறு நிறத்தில் கொஞ்சம் தையல் நூல், இப்போது பின்னுகிற ஊசியைவிட மெலிந்த ஊசி ஒன்று, இவ்வளவும் இருக்கட்டும். ஊசியை மட்டும் உருவிவிடாதீர்கள். கோளாறு எங்கே என்று தெரியும் முன் பிரித்தவர்கள், திரும்பப் பின்னும்போது அதே இடத்தில் அதே கோளாறைத்தான் போடுகிறார்கள்.

கண்ணி கூடிக்கொண்டே போகிறது

40 கண்ணியில் தொடங்கிய மப்ளர், ஒரு முழம் வருவதற்குள் 47 ஆகிவிடும். புதிதாகப் பின்னுகிறவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். துணியை விரித்துப் பாருங்கள். ஓரங்கள் இரண்டும் வெளியே சாய்ந்துகொண்டு போகின்றனவா, அல்லது ஓரம் நேராக இருந்து நடுவில் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிகின்றனவா?

ஓரம் சாய்ந்தால் காரணம் வரிசையின் முதல் கண்ணியில் இருக்கிறது. திருப்பிப் பிடித்தவுடன் நூலை ஊசிக்கு மேலாகப் பின்னால் இழுத்தால், முதல் கண்ணி தூக்கப்பட்டு அதன் இரண்டு கால்களும் தனித்தனிக் கண்ணி மாதிரி தெரியும். பார்க்கிறவர் இரண்டையும் பின்னிவிடுவார். ஒன்று இரண்டாகிவிட்டது. ஒவ்வொரு வரிசையையும் தொடங்கும் முன் நூலை முன்பக்கமாகக் கீழே இழுத்துவிட்டு, முதல் கண்ணி ஒற்றையாக நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம் ஊசிக்கு அடியில் நூலைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். ஏற்கெனவே கூடியவற்றைப் பிரிக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த வரிசைகளில் ஓரத்தில் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பின்னி எண்ணிக்கையைப் பழையபடி கொண்டுவாருங்கள். ஸ்வெட்டர் என்றால் தையலுக்குள் மறைந்துவிடும். மப்ளர் என்றால் கொஞ்சம் தெரியும். கழுத்தில் சுற்றினால் தெரியாது.

நடுவில் ஓட்டை என்றால் கதை வேறு. நிட்டில் இருந்து பர்லுக்கு மாறும்போது நூல் இரண்டு ஊசிகளுக்கும் இடையில் போகாமல் ஊசியின் மேலேறிப் போயிருக்கும். அந்த நூல் அடுத்த வரிசையில் ஒரு கண்ணியாகிவிடும். ரிப், அதாவது ஒரே வரிசையில் நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் பட்டை, போடும்போதுதான் இது அதிகம். அதே வரிசையிலோ அடுத்ததிலோ கண்டுபிடித்தால், அந்தப் பொய்க் கண்ணியை ஊசியில் இருந்து தள்ளிவிட்டால் போதும். பத்து வரிசை கழித்துத் தெரிந்தாலும் பயமில்லை. ஓட்டைக்கு நேர் மேலே வந்து நிற்கும் ஒற்றைக் கண்ணியை ஊசியில் இருந்து விடுவித்து, ஓட்டை வரை கீழே ஓடவிடுங்கள். அதற்குக் கீழே பிடி இல்லாததால் அங்கேயே நின்றுவிடும். அந்த இடம் தொளதொள என்று இருக்கும். பக்கத்துக் கண்ணிகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாக இழுத்துத் தளர்வைப் பங்கு போட்டுவிட்டு, ஒருமுறை துவைத்தால் அமுங்கிவிடும்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. மலிவான அக்ரிலிக் நூலில் முறுக்கு குறைவு. கூர்மையான ஊசி நூலைப் பிளந்து பாதியை மட்டும் எடுத்துவிடும், மீதிப் பாதி இன்னொரு கண்ணியாக நிற்கும். இதற்கு மழுங்கிய முனையுள்ள ஊசி நல்லது.

கண்ணி குறைகிறது, துணியில் ஏணி விழுந்திருக்கிறது

முதல் வேலை, அவிழ்ந்த கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்துவது. பேசுவதெல்லாம் அப்புறம். அசல் கம்பளி நூல் என்றால் சொரசொரப்பால் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும். அக்ரிலிக் வழுக்கிக்கொண்டு அடி வரை போய்விடும்.

நேர்ப்பக்கம் உங்களைப் பார்த்திருக்கட்டும். குரோஷா ஊசியை அவிழ்ந்த கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக விட்டு, அதற்கு நேர் மேலே இருக்கும் ஏணிப்படியைப் பிடித்துக் கண்ணி வழியாக முன்னால் இழுங்கள். அப்படியே அடுத்த படி, அதற்கடுத்த படி. எந்தப் படியையும் தாண்டக் கூடாது. மேலே வந்ததும் ஊசியில் ஏற்றிவிடலாம். எல்லா வரிசையும் நிட்டாகவே போட்ட துணி என்றால் ஒரு படிக்கு ஒருமுறை துணியைத் திருப்பித் திருப்பி இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு கோடு மட்டும் வழவழப்பாகத் தனித்துத் தெரியும்.

ஏணி இல்லை, ஓட்டையும் இல்லை, ஆனால் எண்ணிக்கை ஒன்று குறைகிறது என்றால் எங்கோ இரண்டைச் சேர்த்துப் பின்னியிருக்கிறீர்கள். ஓரத்தில் ஒன்றைக் கூட்டிவிட்டு மேலே போங்கள். அதைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்துவதால் யாருக்கும் லாபமில்லை.

நடுவில் பெரிய ஓட்டை, ஒரு பக்கம் மட்டும் உயரம்

வரிசையின் நடுவில் வேலையை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறீர்கள். திரும்பி வந்து எடுத்தபோது ஊசிகள் கை மாறி, வந்த வழியே திரும்பிப் பின்னியிருக்கிறீர்கள். கரண்ட் போகிற வீடுகளில் சகஜம். எப்போதும் உருண்டையில் இருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அந்த ஊசி வலது கைக்குப் போக வேண்டும். இந்தக் கோளாறுக்கு மட்டும் குறுக்குவழி இல்லை. ஓட்டை வரை பிரித்தாக வேண்டும்.

சில கண்ணிகள் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன

நேர்ப்பக்கத்தில் எல்லாக் கண்ணிகளும் 'V' வடிவில் விரிந்திருக்க, சில மட்டும் அடியில் கால் பின்னி இறுகிக் கிடக்கும். ஊசியில் உட்காரும் ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு கால். நம் ஊரில் சொல்லிக்கொடுக்கும் வழக்கமான முறையில் வலது கால் முன்னால் இருக்க வேண்டும். பிரித்துத் திரும்ப ஊசியில் ஏற்றும்போது சிலது மாறி உட்கார்ந்துவிடும். அல்லது பர்ல் போடும்போது நூலை எதிர்த்திசையில் சுற்றுகிற பழக்கம் இருக்கும். அப்படியானால் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை முழுவதும் முறுக்கியிருக்கும்.

எப்படிச் சுற்றினாலும் சரி, கண்ணியைத் திறந்து விடுகிற காலில் ஊசியை விட்டுப் பின்னினால் முறுக்கு விழாது. இடது கால் முன்னால் நின்றால் பின்காலில் பின்னுவது, அவ்வளவுதான். துணியில் எங்கோ ஒன்றிரண்டு முறுக்கியிருந்தால் விட்டுவிடலாம். நெஞ்சுக்கு நேரே இருந்து கண்ணை உறுத்தினால் அந்த ஒரு நிரையை, அதாவது மேலிருந்து கீழாக ஓடும் கண்ணித் தொடரை மட்டும் அவிழ்த்து, குரோஷா ஊசியால் மேலே கொண்டுவாருங்கள். டிசைனில் கண்ணிகளைத் தவறான பக்கம் குறுக்கே மாற்றியிருந்தாலும் இதே வைத்தியம்தான்: அந்த நாலு அல்லது ஆறு நிரையை மட்டும் இறக்கி ஏற்றுவது.

ஓரம் சுருள்கிறது

"அக்கா, எவ்வளவு இஸ்திரி போட்டாலும் சுருண்டுக்குது" என்று வருவார்கள். இஸ்திரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பகீர் என்றிருக்கும். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று போட்ட துணி சுருளத்தான் செய்யும். பக்க ஓரங்கள் பின்னாலும், மேலும் கீழும் முன்னாலும் சுருளும். அது அந்தப் பின்னலின் இயல்பு. உங்கள் கை மேல் குற்றமில்லை. கம்பளி என்றால் நனைத்து, ஊசி குத்திப் பரப்பிக் காயவைத்தால் ஓரளவு அடங்கும். அக்ரிலிக் தண்ணீருக்கு அடங்காது. சூடான இஸ்திரிப் பெட்டியை நேராக அதன்மேல் வைத்தால் நூல் செத்துப்போகும்; தொய்ந்து, பளபளத்து, பழைய துள்ளல் திரும்பவே திரும்பாது. மெல்லிய ஈரத்துணி போட்டு, பெட்டியைத் தொடாமல் மேலே பிடித்து ஆவி மட்டும் காட்டலாம்.

நிஜமான தீர்வு தொடக்கத்திலேயே இருக்கிறது. அடியிலும் முடிவிலும் ஆறேழு வரிசை ரிப் அல்லது வெறும் நிட், இரண்டு ஓரத்திலும் நாலு கண்ணி எப்போதும் நிட். மப்ளர் முடிந்துவிட்டதென்றால் ஓரத்தைச் சுற்றி குரோஷாவில் இரண்டு சுற்று போட்டால் எடை கூடிச் சுருளல் குறையும்.

அளவு பெரிதாகிவிட்டது

இங்கே இரண்டு சந்தேகங்களை வரிசையாகத் தீர்க்க வேண்டும். முதலாவது, ஊசி.

நம் கடைகளில் ஊசிக்கு வழங்குவது பழைய பிரிட்டிஷ் எண். எண் ஏற ஏற ஊசி மெலியும்: 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75. அமெரிக்க எண் இதற்குத் தலைகீழ். எண் ஏற ஏற ஊசி தடிக்கும். அவர்களுடைய 8 என்பது 5 மில்லிமீட்டர், 10 என்பது 6 மில்லிமீட்டர். இரண்டும் ஒத்துப்போகிற ஒரே இடம் 7, இரண்டிலும் 4.5 மில்லிமீட்டர். போனில் பார்த்த செய்முறை அமெரிக்காவில் எழுதியதாக இருந்து, அதில் 10-ஆம் எண் ஊசி என்று போட்டிருந்து, நீங்கள் ஊட்டியிலோ கேரளப் பக்கம் சுல்தான் பத்தேரியிலோ கடையில் 10 கேட்டு வாங்கினால், கையில் வருவது பாதிக்குச் சற்றுத்தான் கூடுதலான தடிமன். அட்டை மாதிரி விறைத்த துணிதான் கிடைக்கும். பெரிதாகிற கோளாறு இதற்கு எதிர்த்திசையில் நடப்பது. அதனால் எண்ணை மறந்துவிட்டு மில்லிமீட்டரை மட்டும் கேளுங்கள். வீட்டுக்கு வீடு இருக்கும் போனி ஊசிகள் நம் நீலகிரியிலேயே, ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் கேத்திப் பக்கத்துத் தொழிற்சாலையில் உருவானவை. இவ்வளவு பக்கத்தில் செய்த ஊசியை எண்ணைக் குழப்பிக்கொண்டு குறை சொல்வது நியாயமில்லை.

குரோஷாவிலும் இதே தலைவலி உண்டு. பிரிட்டிஷ் செய்முறையில் டபுள் குரோஷே என்பது அமெரிக்கச் செய்முறையில் சிங்கிள் குரோஷே. பிரிட்டிஷ் ட்ரெபிள், அமெரிக்காவில் டபுள். தொப்பி குட்டையாகவும் கெட்டியாகவும் வந்தால் முதலில் செய்முறை எந்த நாட்டுடையது என்று பாருங்கள்.

இரண்டாவது சந்தேகம், கை. சிலர் இறுக்கிப் பின்னுவார்கள், சிலர் தளர்த்தி. டபுள் நிட்டிங் என்கிற நடுத்தரத் தடிமன் நூலில் 4 மில்லிமீட்டர் ஊசிக்கு 10 சென்டிமீட்டர் அகலத்தில் 22 கண்ணி, உயரத்தில் 28 வரிசை என்பது பொதுவான கணக்கு. மார்புச் சுற்று 96 சென்டிமீட்டர் வேண்டும் என்றால் முன்னும் பின்னும் சேர்த்துச் சுமார் 212 கண்ணி ஏற்றுவோம். உங்கள் கை தளர்ந்து 10 சென்டிமீட்டரில் 20 கண்ணிதான் வருகிறது என்று வையுங்கள். அதே 212 கண்ணி 106 சென்டிமீட்டர் ஆகிவிடும். வித்தியாசம் இரண்டே கண்ணி. ஸ்வெட்டர் அண்ணனுக்குப் பதில் மாமாவுக்குப் போய்ச் சேரும்.

மாதிரித் துண்டு போட்டுப் பார்க்கச் சொன்னால் எல்லோருக்கும் அலுப்பு. சரி, போடாமல் தொடங்கிவிட்டீர்கள். அப்படியானால் 10 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நிறுத்துங்கள். கண்ணிகளை நீளமான நூலுக்கு மாற்றி, துணியைத் தட்டையாக விரித்து, ஓரத்தை விட்டு நடுவில் அளந்து பாருங்கள். தளர்ந்திருந்தால் ஊசியை ஒரு அளவு மெலிதாக்கித் திரும்பத் தொடங்கலாம். அல்லது இதே கண்ணி எண்ணிக்கையை வீட்டில் பருமனான இன்னொருவருக்கு ஒதுக்கிவிட்டு மேலே போகலாம். இரண்டாவது வழியை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

நிட் வரிசை அடர்த்தியாகவும் பர்ல் வரிசை தொளதொளவென்றும் இருந்து, பின்பக்கம் வாய்க்கால் வெட்டினாற்போல் தெரிகிறதா? பர்ல் வரிசைக்கு மட்டும் ஒரு அளவு மெலிந்த ஊசியை வலது கையில் எடுங்கள்.

தலை நுழையவில்லை

குழந்தைகளின் ஸ்வெட்டரில் அடிக்கடி வரும். உடம்பு சரியாக இருக்கும், கழுத்து நுழையாது. பச்சைக் குழந்தையின் தலைச்சுற்று சுமார் 35 சென்டிமீட்டர், ஒரு வயதில் 46 வரை வரும். கழுத்தைச் சின்னதாக அழகாக முடிக்க ஆசைப்பட்டு இறுக்கி மூடிவிடுகிறார்கள். பிரிக்க வேண்டியது கடைசி வரிசையை மட்டும். மூடிய முடிச்சை அவிழ்த்து, கண்ணிகளை ஊசியில் வாங்கி, இரண்டு அளவு தடித்த ஊசியால் திரும்ப மூடுங்கள். அப்படியும் போதாதென்றால் தோள்பட்டைத் தையலை ஒரு பக்கம் திறந்துவிட்டு இரண்டு பொத்தான் வைத்துவிடலாம்.

கண்ணி ஏற்றிய ஓரம் இறுகிப்போனால், அதாவது தொப்பியின் வாயோ இடுப்புப் பட்டியோ விரியாவிட்டால், அங்கே பிரிப்பதற்கு வழியில்லை என்று நினைக்கிறார்கள். உண்டு. ரிப்புக்கு மேலே ஒரு வரிசையில் மெலிந்த ஊசியால் எல்லாக் கண்ணிகளையும் கோத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அதற்கு அடுத்த கீழ் வரிசையில் ஒரே ஒரு கண்ணியை வெட்டி அந்த வரிசையை முழுக்க உருவுங்கள். பழைய ரிப் தனியாகக் கழன்று விழும். ஊசியில் இருக்கும் கண்ணிகளில் இருந்து கீழ்நோக்கிப் புது ரிப் பின்னித் தளர்வாக மூடுங்கள். முதல் தடவை கத்தரிக்கோல் எடுக்கும்போது கை நடுங்கும். பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

நடுவில் ஒரு பட்டை மாதிரி நிறம் மாறுகிறது

உருண்டை வாங்கும்போது நிற எண்ணை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். எந்தத் தடவை சாயம் போட்ட நூல் என்று சொல்லும் சாயத் தொகுதி எண் வேறாக இருந்திருக்கும். கடையின் டியூப்லைட்டில் தெரியாது, வீட்டு முற்றத்தில் தெரியும். இன்னும் மாறுகிற இடம் வரவில்லையென்றால் பழைய உருண்டையில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கலந்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் வருபவை

நாடுகாணி மலைப்பாதை ஏறி வருகிற மழைமேகம் எங்கள் வீடுகளுக்குள்ளேயே குடியிருக்கும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். அதனால்தான் ஜூலையில் மடித்து வைத்த ஸ்வெட்டர் ஆகஸ்டில் எடுத்தால் நாறுகிறது.

துவைத்துக் கொடியில் தொங்கவிட்டு முழங்கால் வரை நீண்டுவிட்டதா? தண்ணீரின் எடைதான் இழுத்திருக்கிறது. திரும்ப நனைத்து, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, தடித்த துண்டுக்குள் பாய் மாதிரி சுருட்டி அதன்மேல் ஏறி மிதியுங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். அப்புறம் கயிற்றுக் கட்டிலில் துணி விரித்து, டேப் வைத்து வேண்டிய அளவுக்குத் தள்ளிப் படுக்கப் போட்டு, ஃபேன் காற்றில் விடுங்கள். கம்பளி பெரும்பாலும் திரும்பிவரும். அக்ரிலிக் முழுதாக வராது. அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைப்பதை எங்கள் பக்கம் நிறையப் பேர் செய்கிறார்கள். காயும், சந்தேகமில்லை, அடுத்த மழை வரை புகை வாசம் அடிக்கும்.

சுருங்கிக் கெட்டிப்பட்டுப் போன கம்பளிக்கு மருந்தில்லை. சூடான தண்ணீர், சோப்பு, மெஷினின் குலுக்கல் மூன்றும் சேர்ந்தால் கம்பளி இழையின் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். வெட்டி அடுப்பில் பாத்திரம் இறக்கும் பிடிதுணி ஆக்குங்கள், பிரமாதமாக உழைக்கும்.

குட்டிக் குட்டி ஓட்டைகள் தெரிந்தால் நூல் முனையைப் பாருங்கள். கடித்த மாதிரி குட்டையாக அறுந்திருந்தால் அந்துப்பூச்சியின் புழு. நீளமாக வளையம் இழுத்திருந்தால் ஆணியிலோ தேயிலைச் செடியிலோ மாட்டியது. புழு அக்ரிலிக்கைச் சீண்டுவதில்லை. கம்பளியில் வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் இருந்தால் தேடி வரும். அதனால் எடுத்து வைக்கும் முன் துவைப்பது, பெட்டிக்குள் அந்துருண்டை போடுவதைவிட முக்கியம்.

மூங்கில் ஊசி ஈரக்காற்றில் ஒட்டிக்கொண்டு நகரவில்லையென்றால் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுங்கள். மெழுகு நூலில் ஒட்டாத அளவுக்குத் துடைக்க வேண்டும்.

எங்கே விட்டோம் என்று தெரியவில்லை

பையில் துணி இருக்கிறது. காகிதம் தொலைந்துவிட்டது. சில சமயம் ஊசியையே உருவி வேறு வேலைக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

துணியே சொல்லும். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் துணியில் நேர்ப்பக்கத்தில் ஒரு 'V' ஒரு வரிசை. எல்லாம் நிட் போட்ட துணியில் ஒரு மேடு இரண்டு வரிசை. ரிப் முடிந்த இடத்தில் ஒரு ஊக்கு, அக்குள் குறைப்பு தொடங்கிய இடத்தில் ஒன்று, அங்கிருந்து ஒவ்வொரு குறைப்பிலும் ஒன்று என்று குத்திக்கொண்டே வந்தால் எத்தனை வரிசைக்கு ஒருமுறை குறைத்தீர்கள் என்று தெரிந்துவிடும். அதையே தொடருங்கள். ஊசி எந்த அளவு என்று தெரியாவிட்டால், வீட்டில் இருக்கும் ஊசிகளில் நாலு வரிசை பின்னிப் பழைய பகுதியின் 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி இருந்ததோ அதோடு ஒத்துப் பாருங்கள்.

கைகள் இரண்டில் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று வருவதும் இந்த எண்ணாத கோளாறுதான். டேப் நம்மோடு சேர்ந்து பொய் சொல்லும், நாம் இழுத்தால் நீளும். வரிசை எண்ணிக்கை இழுக்க இழுக்க மாறாது. இரண்டு கைகளையும் ஒரே ஊசியில் இரண்டு உருண்டைகளை வைத்துச் சேர்த்தே பின்னினால், இரண்டாவது கை பின்னாமலே போகிற ஆபத்தும் இல்லை.

குழந்தை வளர்ந்துவிட்டது

பாதியில் நிற்கும் குட்டி ஸ்வெட்டர்களுக்கு இதுதான் பெரிய காரணம் என்பேன். குழந்தை பிறக்கும் முன் அதற்கென்று துணி வாங்கி வைக்கக் கூடாது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பிறந்த பிறகுதான் நூலே வாங்குவார்கள். புதுக்குழந்தை அளவில் தொடங்குவார்கள். வீட்டில் பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொண்டு, பத்தியச் சாப்பாடு சமைத்துக்கொண்டு, இடையில் நாலு வரிசை பின்னுவார்கள். முன்னும் பின்னும் முடிந்து கைக்கு வரும்போது குழந்தை கவிழ்ந்து படுக்க ஆரம்பித்திருக்கும்.

நம்பிக்கையோடு நான் சண்டைக்குப் போவதில்லை. பிறந்த பிறகு தொடங்குகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே ஒரு வயது அளவில் ஏற்றுங்கள். சீக்கிரம் முடித்தால் கையை மடித்துவிட்டுப் போடலாம். கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் முறையில் பின்னினால் இன்னும் வசதி. அடுத்த வருடம் அடியை அவிழ்த்து நீளம் கூட்டலாம். வயிற்றில் இருக்கும்போதே கை பரபரப்பவர்கள் சதுரமாக ஒரு போர்வை பின்னலாம். யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு சேச்சி அப்படித்தான் ஒன்றைப் பின்னி, கேட்டவர்களிடமெல்லாம் டிவிக்கு மேலே போட என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏற்கெனவே சின்னதாக நிற்கிறதா? கைகளை விட்டுவிடுங்கள். அக்குள் ஓரத்தில் கண்ணி எடுத்து நாலு வரிசை ரிப் போட்டு, கையில்லாத மேல்சட்டையாக முடியுங்கள். இரண்டு பக்கத் தையல்களிலும் ஆளுக்கொன்றாக ஐந்து சென்டிமீட்டர் பட்டை பின்னிச் சேர்த்தால் சுற்றளவு பத்து சென்டிமீட்டர் கூடும். பட்டை வேறு நிறத்தில் இருந்தால் வேண்டுமென்றே வைத்தது போல் இருக்கும்.

நூல் தீரப்போகிறது

மீதி உருண்டையை மளிகைக் கடை டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள். பத்து வரிசை பின்னித் திரும்ப நிறுங்கள். பத்து வரிசைக்கு எத்தனை கிராம் என்று தெரிந்தால் இன்னும் எத்தனை வரிசை போகும் என்பது வெறும் வகுத்தல். கடைசியில் மூடுவதற்கு அகலத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு நூல் ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பண்ணுங்கள். போதாது என்று தெரிந்தால் இப்போதே அடியிலும் மணிக்கட்டிலும் கழுத்திலும் வேறு நிறத்துக்குத் திட்டம் போடலாம். கடைசிக் கையில் மட்டும் நிறம் மாறினால்தான் அசிங்கம்.

உருண்டைக்குள் முடிச்சு வந்தால் அப்படியே பின்னிவிடாதீர்கள். வெட்டி, வரிசையின் ஓரத்தில் சேருங்கள். முனைகளை ஈரமாக்கி உள்ளங்கையில் தேய்த்து ஒட்டவைக்கும் வித்தை அசல் கம்பளிக்கு மட்டும்தான் பலிக்கும்.

எல்லாத் துண்டும் தயார், தைக்கவில்லை

முன், பின், இரண்டு கை, எல்லாம் மடித்து வைத்திருக்கும். பின்னுவதை ரசித்தவர்களுக்குத் தைப்பது பிடிப்பதில்லை. இதில் நானும் அதே கட்சிதான். பெரும்பாலும் இதற்குக் காரணம் தையல் அசிங்கமாக வரும் என்ற பயம். ஓரத்தின் மேல் சுற்றிச் சுற்றித் தைத்தால் அசிங்கமாகத்தான் வரும். இரண்டு துண்டுகளையும் நேர்ப்பக்கம் மேலே இருக்க அருகருகே வைத்து, முதல் கண்ணிக்கும் இரண்டாவது கண்ணிக்கும் நடுவில் இருக்கும் குறுக்கு நூலை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எடுத்துக்கொண்டே போங்கள். ஒரு விரல் நீளம் போனதும் நூலை இழுத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், தையல் தெரியாது. தோள், கை, பிறகு பக்கவாட்டு என்ற வரிசையில் தைத்தால் அளவு இடறாது.

பிரித்தே ஆக வேண்டும்

வந்த கோளாறுக்கு வேறு வழியே இல்லையென்றால், பிழைக்குக் கீழே உள்ள வரிசையில் மெலிந்த ஊசியை ஒவ்வொரு கண்ணியின் வலது காலுக்கு அடியிலும் விட்டுக் கோத்துவிட்டு, அப்புறம் உருவுங்கள். கோத்த இடத்தில் வந்து தானாக நிற்கும். கடினமான டிசைன் தொடங்கும் முன் வேறு நிறத் தையல் நூலை ஒரு வரிசை முழுக்கக் கோத்து வைத்தாலும் இதே காவல்.

முழுதாகப் பிரித்த நூல் நெளிநெளியாக இருக்கும். அதை அப்படியே பின்னினால் துணியும் நெளியும். நாற்காலி முதுகில் பெரிய வளையமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, எடை எதுவும் கட்டாமல் நிழலில் தொங்கவிடுங்கள். கம்பளியில் நெளிவு போய்விடும். அக்ரிலிக்கில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதை ரிப்புக்கோ எல்லாம் நிட்டாகப் போடும் போர்வைக்கோ ஒதுக்கினால் தெரியாது. பழைய நூலையும் புது நூலையும் ஒரே துண்டில் கலக்க வேண்டாம். கலந்தே ஆக வேண்டும் என்றால் பழையது கைகளுக்கு, புதியது உடம்புக்கு.